ஒற்றைக்கண் ஓணானின் கடைசித் தாள்

என் மனைவி கிருஷ்ணவேணிக்கும் அவள் அண்ணன் வேங்கடேசனுக்கும் நடுவில் நான்கு வருஷமாக நான்தான் தபால்காரன். திண்டிவனத்தில் இவள் ஒன்று சொல்வாள். விழுப்புரம் போய் அதைப் பாதியாகக் குறைத்துச் சொல்வேன். அங்கே அவர் ஒன்று சொல்வார். திரும்பி வந்து அதைக் கால்வாசியாகக் குறைத்துச் சொல்வேன். முழுசாகச் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பமும் இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். உரக்கடை வைத்திருப்பவனுக்கு விழுப்புரத்தில் அடிக்கடி வேலை இருக்கும் என்பதால் இந்த உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு ஸ்டாம்பு. எண்பத்திரண்டில் திண்டிவனத்தில் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம். புதுமனை புகுவிழாவுக்குக் கிருஷ்ணவேணி ஊர் ஊராகப் போனாள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, நேரில் அழைத்தாள். கிளியனூரில் பெரியம்மாவின் சம்பந்தியைக்கூட விடவில்லை. விழுப்புரத்துக்கு மட்டும் தபாலில் அனுப்பினாள். அவசரத்தில் மஞ்சளும் தடவவில்லை.

"எங்க அண்ணன் இன்னா வெளியாளா? அவருக்குப் போயி தட்டு தூக்கிக்கினு நிக்கணுமா?" என்றாள்.

விழுப்புரத்தில் அண்ணன் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் மஞ்சள், எனக்கு ஸ்டாம்பா?" என்றாராம். அவ்வளவுதான். விழாவுக்கு வரவில்லை. அதன் பிறகும் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. நேரில் வந்து கூப்பிடட்டும் என்பது அவர் கட்சி. கூப்பிட்டால்தான் வருவாரா என்பது இவள் கட்சி. வாய்தான் அப்படிப் பேசும். பொங்கலுக்குப் பொங்கல் சாப்பாட்டுக்கு ஒரு இலை கூடுதலாக நறுக்கி வைப்பாள். மத்தியானம் தாண்டியதும் அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு என்மேல் எரிந்து விழுவாள். அண்ணன் வரவில்லை என்ற ஏக்கத்துக்கு நான்கு வருஷமாகத் திட்டு வாங்கியது நான்.

எண்பத்தாறு கோடையில் வேங்கடேசன் விழுப்புரத்து ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட ஆரம்பித்தார். பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அதற்குள் அண்ணன் தங்கை இருவரும் சின்ன வயதில் பைண்டு பண்ணி வைத்த இரண்டு கதைப் புத்தகங்கள் இருந்தன.

கடையில் வாங்கிய புத்தகங்கள் அல்ல. அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் ஒரு வார இதழ் வாங்குவார்கள். அதில் இரண்டு தொடர்கதைகள் வந்தன. ஒன்று 'மரகதவல்லியின் ஏழு மூக்குத்திகள்'. ஏழு மூக்குத்தி போட்ட ஒரு ராணி. ஒவ்வொரு மூக்குத்திக்கும் ஒரு சக்தி. அது கிருஷ்ணவேணியின் கதை. இன்னொன்று 'ஒற்றைக்கண் ஓணான்'. ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்த கொள்ளைக்காரன். ரயிலை மறிப்பான், மாடியிலிருந்து குதிப்பான். அது வேங்கடேசனின் கதை. வாராவாரம் அவரவர் கதையைக் கிழித்துச் சேர்த்து, கடைசியில் பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டை போடுவது என்று ஏற்பாடு.

இதில் ஒரு பேஜார் இருந்தது. ராணி கதை முடியும் பக்கத்துக்குப் பின்பக்கமே ஓணான் கதை தொடங்கும். இரண்டு கதைக்கும் பொதுவாக ஒரு தாள். அது யாருக்கு? வாராவாரம் வீடு ரணகளம் ஆகியிருக்கிறது. என் மாமனார் தலையிட்டு, ஒரு வாரம் தங்கைக்கு, மறு வாரம் அண்ணனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். நியாயமான மனிதர். ஆனால் கதை படிக்கிறவர் இல்லை. அந்தத் தீர்ப்பால் இரண்டு புத்தகத்திலும் ஓர் அத்தியாயம் விட்டு ஓர் அத்தியாயம் ஒரு பக்கம் காணாமல் போயிற்று.

தகரப்பெட்டி கிடைத்த சேதியைச் சொன்னதும் கிருஷ்ணவேணி கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்தாள்.

"என் ராணி இருக்குறாளா? கரையான் அரிக்கலியே? இன்னும் இன்னா நின்னுக்கினு இருக்கீங்க? ஜல்தி போயி எடுத்துக்கினு வாங்க!"

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் எங்கள் மகள் பொன்னி. பதினோரு வயது. பேச்சில் வக்கீல். ராணி கதையைக் கேட்டுத்தான் அவள் பால் குடித்தாள், சோறு தின்றாள், வளர்ந்தாள். கிருஷ்ணவேணிக்கோ ஐந்து மூக்குத்தியின் சக்திதான் நினைவில் இருந்தது. மற்ற இரண்டுக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். "போன தடவை ஆறாவது மூக்குத்தி மழை கொண்டாரும்னே, இப்ப நெருப்பு கக்குதுங்கிறே, எதும்மா நெசம்?" என்று பொன்னி மடக்குவாள். கூடப் பிறந்த அண்ணனை எதிர்த்து நின்றவள் பெற்ற மகளிடம் விழித்தாள்.

மறுநாளே போய் ராணியை வாங்கி வந்தேன். வேங்கடேசன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய புத்தகம். ராணியின் படம் வந்த இடத்தில் எல்லாம் கிருஷ்ணவேணி பச்சைப் பென்சிலால் கூடுதலாக நகை வரைந்திருந்தாள். மத்தியான நேரத்தில், மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, தாயும் மகளும் குப்புறப் படுத்துப் படித்தார்கள். நான் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுச் சாப்பிட வருவது போல வந்து, சாப்பிட்டு முடித்தும் போகாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு மூக்குத்தியின் சக்தியும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. ஆறாவது மூக்குத்தி மழையும் கொண்டுவரவில்லை, நெருப்பும் கக்கவில்லை. அதைப் போட்டால் பொய் சொல்பவரின் காது சிவக்கும். பொன்னி தன் அம்மாவின் காதை எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது அத்தியாயத்தில் கதை நின்றது.

"ராணி கெணத்துல குதிச்சா. அடுத்த பக்கம் பார்த்தா அரமனையில தூங்குறா. நடுவுல இன்னாம்மா ஆச்சு?"

"அந்தத் தாளு உங்க மாமன் பொஸ்தகத்துல இருக்குதுடி."

"அப்ப அதையும் வாங்கியாரச் சொல்லு."

என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைத் தேடினேன்.

விழுப்புரத்தில் வேங்கடேசன் கூரையில்லாத கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் பிள்ளைகளுக்கு ஓணான் கதையை வாசித்துக்கொண்டிருந்தார். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் பெரிய கிளார்க். ஆபீசில் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். இங்கே ஓணான் துப்பாக்கி எடுக்கும் இடத்தில் ரூல் தடியை நீட்டி, "டுமீல்!" என்றார். அவர் மனைவி செண்பகம் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள. தாளு கேட்டு அனுப்பினாளா? வரும்னு தெரியும்."

"ஆமாம் மச்சான். ரெண்டு பொஸ்தகத்தையும் பக்கத்துல வெச்சாத்தான் படிக்க முடியும் போல."

"தாராளமா. ஆனா கடைசித் தாளு வந்தாத்தான் என் பொஸ்தகம் இந்த வூட்டை வுட்டுப் போவும். அவகிட்ட சொல்லுங்க."

கடைசித் தாளின் கதை எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே தெரியும். இரண்டு தொடரும் ஒரே தீபாவளி மலரில் முடிந்தன. அந்த இதழில் விளம்பரம் அதிகமாகி, இரண்டு கதையின் முடிவையும் கடைசித் தாளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் ஓணான். முறைப்படி அந்த வாரத் தாள் அண்ணனுக்கு. ஆனால் அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவதற்குள் தாளைக் காணோம். காற்றில் பறந்து கிணற்றில் விழுந்துவிட்டது என்றாள் தங்கை. அந்த வருஷம் மலர் வந்த அன்றே விற்றுத் தீர்ந்ததாம். ஊரெல்லாம் தேடியும் வேறு பிரதி கிடைக்கவில்லை என்று வேங்கடேசன் என்னிடமே பலமுறை புலம்பியிருக்கிறார். அந்த இதழும் நின்று பல காலம் ஆகிவிட்டது. மலைக்கோட்டைக்குள் போலீஸ் சுற்றி வளைத்த ஓணான், இருபத்துச் சொச்சம் வருஷமாக அங்கேயே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

திண்டிவனம் திரும்பி நிபந்தனையைச் சொன்னேன். கிருஷ்ணவேணி அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"தாளு கெணத்துல வுழலீங்க."

"அது எனக்கும் தெரியும். எங்க ஒளிச்சு வெச்சிருக்கே? எடு."

"தின்னுட்டேன்."

"இன்னாது?"

"என் ராணி முடிவைப் படிச்சுக்கினு இருந்தேன். அண்ணன் வர்ற சத்தம் கேட்டுச்சு. கையில இருந்தா புடுங்கிடுவாரு. மறைக்க எடம் இல்ல. பாவாடையில பாக்கெட்டும் இல்ல. வாயில போட்டுக்கினேன். அப்புறம் துப்ப மனசு வரல. அதிரசத்தோட சேத்து மென்னு முழுங்கிட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு பொஸ்தகமும் ஒண்ணா இந்த வூட்டுக்கு வந்தா, அது பின்னாலயே அவரும் வந்துடுவாருன்னு நெனச்சேன். இப்ப போயி தின்னுட்டேன்னு சொன்னா சாவுற வரைக்கும் சிரிப்பாரு. வரவும் மாட்டாரு."

"அப்ப இன்னா பண்ணலாம்?"

கண்ணைத் துடைத்தாள். துடைத்த முகத்தில் ஒரு திருட்டுக் களை வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் களை வந்தபோதெல்லாம் எனக்குச் செலவோ அடியோ நிச்சயம்.

"அச்சடிச்சுடலாம்" என்றாள்.

காகிதம் அவள் புத்தகத்திலேயே இருந்தது. பைண்டர் முன்னும் பின்னும் வைத்துத் தைத்த வெற்றுத் தாள்கள் இரண்டு. அதே வயசு, அதே பழுப்பு. பிளேடால் நறுக்கி எடுத்தோம். ராணியின் முடிவு அவளுக்கு மனப்பாடம். தின்னும் முன் படித்தாயிற்றே. ஓணானின் பக்கத்தைத்தான் அவள் படித்ததே இல்லை. எதிரி கதையைப் படிப்பதில்லை என்ற வைராக்கியமாம். எனவே அதைச் சொந்தமாகக் கட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பொன்னி வாசலில் காவல் நின்றாள். மாமன் வந்துவிடுவார் என்று அல்ல. அந்தச் சதியில் அவளுக்கும் ஒரு பங்கு வேண்டுமாம்.

அச்சடிக்க மரக்காணம் ரோட்டில் சவுரிராயன் பிரஸ்ஸுக்குப் போனேன். சவுரிராயன் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஆனால் திண்டிவனத்தில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அவர் கையால்தான். கதை அச்சடிக்க வேண்டும், ஒரே பிரதி, பழைய தாளில் என்றதும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"முகூர்த்தம் எப்போ?"

"முகூர்த்தம் எல்லாம் இல்ல. இது கொள்ளைக்காரன் கதை."

"யாரு வூட்டுது?"

"எங்க வூட்டுதுதான். மச்சானுக்குக் கொடுக்கணும்."

"மச்சானுக்கா? அப்ப முறை தவறக் கூடாது" என்று தலையாட்டினார். அவருக்கு எது புரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. முதல் தாளை எந்திரத்தில் கோணலாக விட்டு மை அப்பிவிட்டார். இருந்த இன்னொரு தாளும் போனால் கதை முடிந்தது என்று கையைப் பிசைந்துகொண்டு வந்தேன். மறுநாள் காலை போனபோது, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டித் தயாராக வைத்திருந்தார்.

"ஒரு கொறை இல்ல. முறைப்படி எல்லாம் செஞ்சிருக்கேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிரித்துப் பார்க்காமல் ஓடினேன்.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் டீ குடிக்கப் போனார். சன்னலோரம் அவித்த மல்லாட்டைக் கூடைகள் வந்து முட்டின. அச்சு எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று நூலை அவிழ்த்தேன். அச்சு அருமை. பழைய எழுத்து, பழைய தாள், சத்தியம் செய்தாலும் நம்புவார்கள்.

நாலு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள்.

சவுரிராயனை நான் அங்கே வைது தீர்த்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் போனாள். கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை மஞ்சளானது, தாள் மாறவில்லை. இறங்கி டீக்கடைக்கு ஓடினேன். கிளாஸ் கழுவும் இடத்தில் துணி சோப்புக் கட்டி ஒன்று கிடந்தது. ஈர விரலில் சோப்பைத் தொட்டு ஒரு மூலையில் லேசாகத் தேய்த்தேன்.

மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது மஞ்சள் பூசிக் குளிக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அந்த மூலை ரத்தச் சிவப்பானது. இப்போது மூன்று மூலையில் மஞ்சள், ஒரு மூலையில் குங்குமம். கொள்ளைக்காரன் கதைக்குப் பொட்டு வைத்துப் பூ முடிக்காததுதான் பாக்கி. டிரைவர் ஆரன் அடித்தார். அதற்கு மேல் சோதனை செய்யத் தைரியம் இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். விழுப்புரம் வரும்வரை தாளைச் சுற்றுவதும் பிரிப்பதுமாகவே போயிற்று.

வேங்கடேசன் தாளை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்தார். சிவப்பு மூலையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓணான் பக்கத்தை வாயசையாமல் முழுசாகப் படித்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரை இல்லை. வானத்தைப் பார்த்தேன்.

"இத்தனை வருசம் எங்க இருந்துச்சாம்?"

"பழைய… சாமி படத்துக்குப் பின்னால மச்சான்." பஸ்ஸில் யோசித்து வைத்த பொய் அது ஒன்றுதான்.

"அப்படியா" என்றார். தாளை மடிக்காமல் தன் புத்தகத்துக்குள் வைத்தார். துண்டை எடுத்து முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"செண்பகம், ஞாயித்துக்கெழம திண்டிவனம் போறோம். பசங்களுக்கு நல்ல துணியா எடுத்து வெய்யி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் சொன்னபோது கிருஷ்ணவேணிக்கும் வரவில்லை. இருந்தும் வெள்ளிக்கிழமையே வீட்டைக் கழுவினாள். சனிக்கிழமை மறுபடியும் கழுவினாள்.

ஞாயிறு காலை வேங்கடேசன் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்றார். ஒரு கையில் பழத்தட்டு. கக்கத்தில் ஓணான். இன்னொரு கையில் ஜிகினா காகிதம் சுற்றிய பெட்டி. காகிதம் மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்தது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். பெட்டியைத் தங்கையிடம் கொடுத்தார். உள்ளே சுவர்க் கடிகாரம்.

"நாலு வருசம் முன்னாடி வாங்கினது. அப்படியே கெடந்துச்சு."

கிருஷ்ணவேணி "வாங்கண்ணே" என்று சொல்ல வந்தாள். வாயில் வந்ததோ வேறு. "கைகால் கழுவிக்கினு வா, இட்டிலி ஆறிப்போவுது" என்று அதட்டினாள்.

சாப்பாடு முடிந்து கூடத்தில் பாய் விரித்தோம். அண்ணன் மடியில் ஓணான், தங்கை மடியில் ராணி. இவள் படிப்பாள், பொதுத்தாள் இல்லாத இடத்தில் நிறுத்துவாள், அவர் தன் புத்தகத்தில் அந்தத் தாளைத் திருப்பி, ராணியின் குரலில், கீச்சென்று படிப்பார். பிறகு ஓணான் முறை. அவருக்குத் தாள் இல்லாத இடத்தில் இவள் தன் தாளைத் திருப்பிக் கட்டைக் குரலில் "டுமீல்" என்பாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ராணி கிணற்றில் குதித்துவிட்டு எப்படி அரண்மனைக்குப் போனாள் என்று பொன்னிக்குக் கடைசியில் தெரிந்துவிட்டது. கிணற்றுக்கு அடியில் கதவு இருந்ததாம். இவ்வளவுதானா என்றாள்.

கடைசித் தாள் வந்தது. ஏழாவது மூக்குத்தியை ராணி ஏழைப் பெண்ணுக்குக் கழற்றிக் கொடுத்து முடித்தாள். வேங்கடேசன் தாளைத் திருப்பித் தொண்டையைச் செருமினார்.

"'சரணடைந்துவிடு ஓணான்!' என்றார் இன்ஸ்பெக்டர். அந்தக் குரல் ஓணானை என்னமோ செய்தது. இன்ஸ்பெக்டர் தன் மீசையைப் பிய்த்தார். ஐயகோ, அது ஒட்டு மீசை! எதிரே நின்றது அவன் தங்கை அல்லி. 'அண்ணா, சின்ன வயதில் என் அதிரசத்தைத் திருடித் தின்றாயே, அன்றே உன்னைப் பிடிப்பதாகச் சபதம் செய்தேன்' என்றாள். ஓணான் கறுப்புத் துணியைக் கழற்றினான். அந்தக் கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. அதில் நீர் வழிந்தது. 'தங்கையே, அப்போதே ஒன்று கேட்டிருந்தால் திருப்பித் தந்திருப்பேனே' என்றான்."

வேங்கடேசன் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கிருஷ்ணவேணி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னி தாளை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இதுல மட்டும் ஏன் மூலையில மஞ்சளா இருக்குது? இங்க செவப்பா வேற இருக்குது?"

கிருஷ்ணவேணி தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இரண்டு நாள் பட்டினி என்று அர்த்தம்.

"அதுவா கண்ணு" என்றார் வேங்கடேசன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "அந்தக் காலத்துல தீபாவளி மலர்னா அப்படித்தான். மஞ்சள் குங்குமம் வெச்சுத்தான் விப்பாங்க. உங்கம்மாவைக் கேளு."

"ஆமாண்டி, அப்படித்தான் விப்பாங்க" என்றாள் கிருஷ்ணவேணி சட்டென்று.

பொன்னி அம்மாவின் காதைப் பார்த்தாள். மாமனின் காதையும் பார்த்தாள். அன்று அந்தக் கூடத்தில் சிவக்காத காது கடிகாரத்துக்குத்தான், அதற்குக் காது இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை வழியனுப்பப் போனேன். செண்பகமும் பிள்ளைகளும் ஏறி இடம் பிடித்தார்கள். வேங்கடேசன் என் தோளில் கை வைத்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"மாப்ள, அவ அந்தத் தாளைத் தின்னதை நான் சன்னல்ல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்ப, ஓணான் முடிவு?"

"அன்னிக்கு சாயங்காலமே சலூன்ல கெடந்த மலர்ல படிச்சுட்டேன். வாழப்பழத் தோல் வழுக்கிக் கெணத்துல வுழுந்து சாவுறான். கீழ நீதி வேற போட்டிருந்தாங்க, திருடாதேன்னு. அதைத் தின்னது நல்லதாப் போச்சு. இவ எழுதினதுதான் கதை."

"எல்லாம் தெரிஞ்சிருந்துமா இத்தனை வருசம் தாளைக் கேட்டீங்க?"

"கேட்டா அவ சண்டைக்கு வருவா. சண்டைக்கு வந்தாலும் தங்கச்சி வந்த மாதிரிதானே. இந்தத் தடவை, தின்னுட்டேண்ணான்னு சொல்லிக்கினு நேர்ல வந்து நிப்பான்னு பாத்தேன். அச்சடிச்சு அனுப்புவான்னு நெனைக்கல."

"அது பொய்த்தாள்னு தெரிஞ்சும் ஏன் மச்சான் வந்தீங்க?"

கண்டக்டர் விசில் அடித்தார். வேங்கடேசன் படியில் கால் வைத்தார்.

"இன்னா மாப்ள இப்படிக் கேக்குறீங்க? மஞ்சள் மட்டுமா, குங்குமமும் வெச்சு இல்ல அனுப்பியிருக்கா. அதுக்கு மேல வரலன்னா நான் மனுசனா? அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஏமாத்திட்டதாவே இருக்கட்டும்."

அது சவுரிராயனின் பழக்க தோஷமும் கூட்டேரிப்பட்டு டீக்கடை சோப்பும் என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்ல வேளையாக பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டில் கிருஷ்ணவேணி கூடத்துச் சுவரில் தானே ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் சுத்த வெகுளிங்க. பாவம், அப்படியே நம்பிட்டாரு."

"ஆமாம், ரொம்ப வெகுளி" என்றேன்.

"அது கெடக்கட்டும். அந்த மஞ்சள் எப்படிங்க வந்துச்சு?"

சவுரிராயனைச் சொன்னேன். டீக்கடைச் சோப்பைச் சொன்னேன். அவள் முக்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெளுத்துப்போன ஜிகினா காகிதத்தை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

"அப்ப அண்ணன், தாளைப் பாத்துட்டு வரல" என்றாள். "மஞ்சளைப் பாத்துட்டு வந்திருக்காரு."

சொல்லாதே என்று மச்சான் கேட்டுக்கொண்டதால், அவர் சன்னலில் நின்று பார்த்ததை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

"காலையில மொத பஸ்ஸுக்கு என்னை விழுப்புரம் கூட்டிக்கினு போங்க. தட்டும் மஞ்சளும் எடுத்து வெக்கிறேன்."

"இப்பத்தானே வந்துட்டுப் போறாரு? வூட்டுல ஒரு விசேசமும் இல்லியே."

"விசேசம் இருந்தாத்தான் அண்ணனை அழைக்கணுமா?" என்றாள்.

என் நான்கு வருஷத் தபால் உத்தியோகம் அன்றோடு போயிற்று.